சுண்டெலிகளுக்கு நான் போட்ட மார்க்

சுண்டெலியை வாலின் அடியில் பிடித்துத் தூக்கினால், நல்ல எலியாக இருந்தால் வால் விறைப்பாக நிற்கும். பின்னங்கால்கள் விரிந்து காற்றைத் துழாவும். வால் ஈரநூல் மாதிரித் தொங்கினால் ஒரு மார்க். பின்னங்கால் தள்ளாடினால் இரண்டு. காலை இழுத்துக்கொண்டு போனால் மூன்று. முன்னங்கால்களும் போய்விட்டால் நான்கு. மார்க் கூடக்கூட நோய் அதிகம் என்று அர்த்தம். பெங்களூருவின் வடக்குப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் பல வருடம் இந்த மார்க்கைப் போட்டவன் நான்.

பிறந்து வளர்ந்தது அதே ஊரில், நீலசந்திராவில். ஏழாவது வரை தமிழ் மீடியம், பிறகு கன்னடம், பி.யூ.சி.யோடு படிப்பு நின்றது. ஆராய்ச்சி நிலையத்துக்குள் முதலில் போனது கான்ட்ராக்டில் தரை துடைக்க. கூண்டு கழுவ ஆள் இல்லாமல் போன ஒரு மாதம் என்னை விலங்குக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அப்படியே அங்கேயே தங்கிவிட்டேன். எலிகள் என்னைக் கடிக்கவில்லை. அதுதான் என் தகுதி. தொப்பி, முகமூடி, கையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் ஜன்னலே கிடையாது. விளக்கு தானாக எரியும், தானாக அணையும். வெளியே மழை பெய்ததா என்பதே சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் தரை ஈரமாக இருந்தால்தான் தெரியும்.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண் ஒருவர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். அவருடைய வேலை மூளையிலும் தண்டுவடத்திலும் வரும் ஒரு வீக்கத்தைப் பற்றியது. கிருமி எதுவும் இல்லாமலே வருகிற வீக்கம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்பின் மேலுறையையே அந்நியப் பொருள் என்று எண்ணித் தாக்குகிறது. எலிகளுக்கு ஓர் ஊசி போட்டு அந்த நோயை வரவழைப்பார். பத்து நாள் வாக்கில் வால் துவளும். சில கூண்டுகளில் இருக்கும் எலிகளுக்கு, நல்ல எலிகளிடமிருந்து பிரித்தெடுத்த ஒருவகை டி செல்களை வாலின் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். எதிர்ப்புச் சக்தி வரம்பு மீறும்போது அதை அடக்குவது அவற்றின் வேலை. மற்றக் கூண்டுகளுக்கு வெறும் உப்புநீர். எந்தக் கூண்டுக்கு எது என்ற பட்டியல் அவரிடம் மட்டும் இருக்கும்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கறதாலதான் உங்க மார்க்க நம்பறேனுங்கண்ணா" என்று ஒருமுறை சொன்னார். "எனக்குத் தெரியும். நான் போட்டா என் ஆசையும் சேந்து போட்டுரும்."

அந்தச் சொல் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

என் மனைவி ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். சட்டைக் காலர் மட்டும் தைப்பாள். நாள் முழுக்கக் காலர். ஒரு டிசம்பரில் அவளுக்கு வலது கண் மங்கியது. கண்ணைத் திருப்பினால் வலி. சிவப்பு நூல் சாயம் போன மாதிரித் தெரிகிறது என்றாள். பக்கத்துக் கண் மருத்துவர் பார்த்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு வீங்கியிருக்கிறது, தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் கண் தானாகவே தெளிந்துவிட்டது. சீட்டை நான்தான் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். எலிகளின் நரம்பு வீக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வீட்டில் கேட்ட அதே வார்த்தை உறைக்கவில்லை. இதை இன்றுவரை நான் எப்படி எழுதினாலும் நன்றாக இல்லை.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டுக்கு இருவரும் நடந்து போனோம். பையை வாங்கிக்கொள்ளத் திரும்பியபோது அவளுடைய இடது கால் செருப்பு பத்தடி பின்னால் ரோட்டில் கிடந்தது. அவள் வெறுங்காலோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். கூழாங்கல் குத்தும் ரோடு அது.

"செருப்பு எங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "அய்யோ, அவுந்துச்சா? தெரியவே இல்லியே."

எலியைக் கூண்டின் கம்பிவலை மேல் விட்டு ஒரு சோதனை செய்வோம். நல்ல எலி கம்பியைக் காலால் பற்றிப் பற்றிப் போகும். நோய் வந்ததற்குக் கால் கம்பிக்கு நடுவில் நழுவி உள்ளே விழும்; விழுந்தது அதற்கே தெரியாது, முன்னால் போகப் பார்க்கும். மார்க்கெட் வாசலில் நின்றபடி எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. காய் வாங்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கண்ணை மூடச் சொல்லி, தீக்குச்சியால் கால் விரல்களைத் தொட்டேன். இடது காலில் மூன்று தடவையில் ஒரு தடவைதான் சொன்னாள். குதிகாலில் நிற்கச் சொன்னேன், சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, என்னையும் எலின்னு நெனச்சிக்கினீங்களா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "எத்தினி நாளா இப்பிடின்னு தெரியலங்க. மெஷின் பெடலே ஒரு மாதிரியா இருந்துச்சு. சூப்பர்வைசரு திட்டுவான்னு சொல்லல."

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். கண் மங்கியதிலிருந்து தொடங்கினேன். பாதியிலேயே கையுறையைக் கழற்றிவிட்டார். "இன்னிக்கே போங்கண்ணா. நரம்பு டாக்டர்கிட்ட. அந்தப் பழைய சீட்டையும் எடுத்துட்டுப் போங்க, கண் விஷயத்த மறக்காம சொல்லுங்க. ரெண்டும் சேந்தாத்தான் அவங்களுக்குப் புரியும்."

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. "எஷ்டு தினா ஆய்த்து?" எத்தனை நாளாயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். என் மனைவி கன்னடத்திலேயே எல்லாம் சொன்னாள், என்னைவிடத் தெளிவாக. அந்த வாரமே ஸ்கேன் எடுத்து, இடுப்பில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தார்கள். ஸ்கேன் படத்தில் மூளையில் வெள்ளை வெள்ளையாகச் சில இடங்கள். தண்டுவடத்திலும் ஒன்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். மேடம் எலிகளுக்கு வரவழைத்தது இதன் நகலைத்தான்; அந்தப் பெயரை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கூடத்தில் சுவரில் ஒட்டியிருந்த தாள்களில் இருக்கும். ஒரு மனிதருக்கு அது வந்து நான் பார்த்ததில்லை.

ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினார்கள். மூன்றாவது நாள் மேடம் ஒரு பை சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். என் மனைவி அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள்.

"இவரு வீட்ல வாயே தொறக்க மாட்டாரு. நீங்க சொல்லும்மா, எனக்கு இன்னாதான் ஆச்சு?"

மேடம் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தார். "உங்க தெருவுல சண்டை வருங்களாக்கா?"

"தண்ணி லாரி வந்தா டெய்லி சண்டதான்."

"அப்ப யாராச்சும் நடுவுல பூந்து, போதும் விடுங்கன்னு விலக்கி விடுவாங்கல்லங்க்கா? அந்த வேலைக்குன்னே நம்ம ரத்தத்துல சில செல்லு இருக்குதுங்க. கிருமியோட சண்டை போடற செல்லு சிலது தடம் மாறி நம்ம நரம்பையே அடிக்கும். எல்லார் உடம்புலயும் அந்த மாதிரி கொஞ்சம் இருக்கும். விலக்கி விடறவங்க இருக்கறதால ஒண்ணும் ஆகாம ஓடிட்டிருக்குது."

"அப்போ எனக்கு அவுங்களே இல்லியா?"

"இருக்காங்க. எண்ணிப் பாத்தா இந்த நோய் வந்த பலருக்கும் அவ்வளவா குறைச்சல் இல்ல. ஆனா வேலைய ஒழுங்காப் பாக்கறதில்ல. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலீங்க்கா."

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். "எங்க தெருவுல வெலக்க வர்றவனே ரெண்டு போடு போட்டுட்டுப் போவான்."

சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்த மேடத்தின் கை நின்றது. "அதுவும் நடக்குதுங்க்கா. வீக்கம் பெருசா இருக்கற எடத்துல சில செல்லு கட்சி மாறிடுது. அதத்தான் நாங்க பாத்துட்டிருக்கோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, இத்தன வருசமா உங்களுக்குச் சொன்னத அக்கா ஒரே நிமிசத்துல பிடிச்சுட்டாங்க" என்று சிரித்தார்.

"எலிக்குப் போடற அந்தச் செல்ல எனக்குப் போட முடியாதா?" இதைக் கேட்கும்போது என் மனைவி சிரிக்கவில்லை.

மேடமும் சுற்றி வளைக்கவில்லை. "இப்ப முடியாதுங்க்கா. எங்க எலிங்க எல்லாம் ஒரே அச்சு. ஒண்ணோட செல்ல இன்னொண்ணுக்கு ஏத்தலாம். எந்த நாள் நோய் வரும்னும் எங்களுக்கு முன்னாடியே தெரியும். மனுசங்களுக்கு அப்படி இல்ல. அங்கங்க இப்பத்தான் சோதிச்சுப் பாக்கறாங்க. உங்களுக்கு டாக்டர் தரப்போறது வேற மருந்து, நல்ல மருந்து. அத மட்டும் விட்டுடாதீங்க."

என் மனைவி தலையாட்டினாள். அவள் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். நான்தான் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். புதிய தொகுதி எலிகள் காத்திருந்தன. எட்டுக் கூண்டு. ஊசியெல்லாம் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பத்தாம் நாள் ஒன்றாம் கூண்டில் வால் துவண்டது, பிறகு மூன்றாம் கூண்டில், நான்காம் கூண்டில். ஆறாம் கூண்டில் மட்டும் இரண்டு நாள் பிந்தியது. அந்த இரண்டு நாள் போதும், ஆறாம் கூண்டுக்குத்தான் செல் ஏற்றியிருக்கிறார்கள் என்று என் மனது முடிவு கட்ட. பட்டியல் என்னிடம் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. காலையில் உள்ளே போனதும் முதலில் ஆறாம் கூண்டுக்குப் போவேன். நோய் வந்த எலிகளால் மேலே இருக்கும் தீனியை எட்ட முடியாது என்பதால் தண்ணீரில் பிசைந்த தீனியைத் தரையிலேயே வைப்போம். ஆறாம் கூண்டுக்கு நான் பிசைந்தது மற்றவற்றைவிடக் குழைவாக இருந்தது.

ஒருநாள் ஆறாம் கூண்டு எலி ஒன்றைக் கம்பிவலை மேல் விட்டேன். பின்னங்கால் நழுவியது. சரி, கம்பி வழுக்கியிருக்கும் என்று மறுபடி விட்டேன். இரண்டாம் தடவையும் நழுவியது. மூன்றாம் தடவை நழுவவில்லை. ஒரு மார்க் என்று எழுதினேன். அதே காலையில் மூன்றாம் கூண்டு எலி ஒன்றுக்கு ஒரே தடவை கால் நழுவியது; யோசிக்காமல் இரண்டு என்று எழுதினேன். எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன் என்றே நம்பினேன். ஐந்தாறு நாள் இப்படிப் போயிற்று.

அந்த நாட்களில் என் மனைவி வீட்டில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கட்டில் முதல் வாசல் வரை, வாசல் முதல் கட்டில் வரை. ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நான் ஆறாம் கூண்டைப் பற்றிச் சொன்னேன். அங்கே எலிகள் நன்றாகத் தேறுகின்றன என்று ஏதோ நல்ல சேதி போல.

"தேறினப்புறம் அதுங்கள இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் கேட்காத கேள்வி. மயக்கம் கொடுத்துச் சாகடித்து, மூளையையும் தண்டுவடத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்றேன்.

"சரியானதையுமா?"

"சரியானதத்தான் முக்கியமா பாக்கணும். எதனால சரியாச்சுன்னு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "அப்போ ஒழுங்காப் பாத்து எழுதுங்க" என்றாள். "அதுங்க உசிரு சும்மா போவக்கூடாது."

மூன்று தடவை விட்ட எலியும் ஒரு தடவை விட்ட எலியும் அப்போதுதான் என் கண்முன் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

மறுநாள் காலை மேடம் வருவதற்கு முன்பே அவர் மேசையருகில் நின்றேன். வந்தவர் என்னைப் பார்த்ததும் பதறினார். "அக்காவுக்கு என்னாச்சு?"

"அவ நல்லா இருக்கா மேடம். என் மார்க்க நம்பாதீங்க. அதச் சொல்லத்தான் நிக்கறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கூண்டு என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு கூண்டுக்கு இளகிப் போட்டேன், மற்றவற்றுக்குக் கறாராகப் போட்டேன் என்றேன். அவர் உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. அந்தத் தொகுதியை முடித்து அடுத்த மாதம் தன் பேராசிரியரிடம் காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் அவருடைய அடுத்த வேலை என்று எனக்குத் தெரியும்.

"எந்த நாள்லேருந்துங்கண்ணா?"

"வால் துவள ஆரம்பிச்ச நாள்லேருந்தே இருக்கலாம். எனக்கே சரியாத் தெரியல."

பையை மேசைமேல் இறக்கி வைத்தார். பிறகு, "எல்லாத்தையும் தள்ளிடலாங்கண்ணா" என்றார். "மொதல்லேருந்து பண்ணலாம். மார்க் வேற யாராச்சும் போடட்டும்." என்னைத் திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அது சரிதான் என்று இருந்தேன். தள்ளிய தொகுதியின் எலிகளைச் சாகடிக்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான்தான். அதை வேறு யாரிடமும் விட எனக்கு மனம் வரவில்லை.

கூடத்தில் என்னோடு வேலை செய்த ஒரு கன்னடப் பெண்ணுக்கு மார்க் போடக் கற்றுக்கொடுத்தார் மேடம். நான் கூண்டு கழுவினேன், தீனி பிசைந்தேன், எடை பார்த்தேன். இரண்டாவது தொகுதி முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. முடிந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகளைக் காட்டினார். செல் ஏற்றிய எலிகளின் கோடு மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாகப் போய், கொஞ்சம் முன்னதாக இறங்கியது.

"வித்தியாசம் இருக்குதுங்க. நான் ஆசப்பட்ட அளவுக்கு இல்ல. ஆனா இருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "போன தொகுதில நீங்க இளகிப் போட்டது எந்தக் கூண்டு?"

"ஆறு."

அவர் இழுப்பறையிலிருந்து பழைய பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார். ஆறாம் கூண்டுக்கு எதிரே உப்புநீர் என்று எழுதியிருந்தது. செல் ஏற்றிய கூண்டுகளில் மூன்றாம் கூண்டும் ஒன்று. நான் கறாராக மார்க் போட்ட கூண்டு.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, இந்தச் செல்லு ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு எழுதியிருப்பேனுங்கண்ணா" என்றார்.

யாருக்காக அந்த எலிகளிடம் இளகினேனோ அவளுக்கு என்றாவது பயன்படக்கூடிய ஒரு வழியை, என் கையாலேயே மூட இருந்தேன்.

என் மனைவிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்றுகிறார்கள். அது எதிர்ப்புச் சக்தியில் வேறு ஒரு வகை செல்களைக் குறைக்கிற மருந்து. அது ஏறத் தொடங்கியபின் புதிதாக எதுவும் வரவில்லை. ஸ்கேனில் பழைய வெள்ளை இடங்கள் அப்படியே இருக்கின்றன, புதியது இல்லை. இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. ஏப்ரலில் வெயில் ஏறினால் காலும் கண்ணும் சேர்ந்து சோர்ந்துவிடும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேன் அடியில் உட்கார்ந்திருப்பாள். கார்மென்ட்ஸில் பெடல் வேலையிலிருந்து நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு மாறினாள். முதலில் அது அவளுக்கு அவமானமாக இருந்தது. இப்போது அந்த மேசைக்கு அவள்தான் தலைவி. மூன்றாம் மாடியை விட்டு இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்துக்கு வீடு மாறினோம்.

மேடம் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு என் மனைவியிடம் போனில் பேசுவார். நான் இப்போது மார்க் போடுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு எலியைப் பிடிக்கக் கற்றுத்தருகிறேன். வீட்டில் யாருக்காவது இந்த மாதிரி நோய் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுவேன். ஏன் கேட்கிறான் இந்த ஆள் என்று பார்ப்பார்கள். காரணத்தையும் சொல்வேன்.

போன முறை டிரிப்புக்குப் போனபோது பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண், முதல் தடவை. ஊசி இறங்குவதற்கு முன்பே அவளுடைய அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். என் மனைவி தன் டிரிப் கம்பத்தை இழுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் நகர்ந்தாள். "அளபேடிம்மா" என்று தொடங்கி, அழாதீர்கள், எனக்கு இது ஐந்தாவது தடவை என்று கன்னடத்தில் பேசிக்கொண்டே போனாள். என்ன சொன்னாளோ, கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நர்ஸ் வந்து இடத்துக்குப் போங்கள் என்று அதட்டும் வரை இவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.